பல்லவ ராணிக்குப் பெல்லம்மா முகம்

போன மாதம் பழைய மாணவிகள் கூட்டத்துக்குப் போனோமே, அன்றைக்கு நம்மில் எத்தனை பேர் மாடிப்படி ஏறினோம்? ஐந்தே பேர். மற்றவர்கள் முட்டியைப் பிடித்துக்கொண்டு கீழேயே உட்கார்ந்துவிட்டீர்கள். மேலே புதிதாகக் கட்டிய ஹாலில் ராஜாக்களின் படங்களைப் பிளக்ஸில் பெரிது பெரிதாக அடித்து மாட்டியிருக்கிறார்கள். எல்லா ராஜாவும் நல்ல சிவப்பு. எல்லா ராஜாவுக்கும் ஒரே மூக்கு. ஒரே ஆளுக்கு உடையை மட்டும் மாற்றி மாற்றி நிற்க வைத்தது போல இருந்தது.

பக்கத்தில் நின்றவள் என் தோளை இடித்தாள். “நம்ம காலத்துல ஒரு ராணி படம் இருந்துச்சேடி, கையத் தூக்கிக்கினு... அது இன்னா ஆச்சு? அத வச்சு ஏதோ தகராறு கூட வந்துச்சே?”

படம் போய்விட்டது. பழைய ஓட்டு ஹாலை இடித்தபோது மற்றப் படங்களோடு அதுவும் எங்கேயோ போய்விட்டது. தகராறு வந்தது உண்மை. அதைக் கிளப்பிவிட்டது நான்தான். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இனிமேல் யாரும் என்னைப் பெஞ்சு மேல் ஏற்றமாட்டீர்கள் என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

அப்போது நமக்கு ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துப் பின்பக்கச் சாக்கடை ஞாபகம் இருக்கிறதா? தெருவில் அன்றைக்குப் பட்டுநூலுக்கு எந்தச் சாயம் போட்டார்களோ அந்த நிறத்தில் ஓடும். திங்கட்கிழமை கத்திரிப்பூ, செவ்வாய்க்கிழமை கிளிப்பச்சை. நாம் அதில் காகிதக் கப்பல் விட்டு, கப்பலுக்குச் சாயம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே கூடப் போவோம்.

என் அத்தை, அப்பாவின் தங்கை, அங்கே டிராயிங் டீச்சர். தையலும் அவள்தான். இருபத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, அதற்காகத் தெருவே கவலைப்பட்டதால் அவள் தனியாகக் கவலைப்படவில்லை. வேலை மட்டும் தற்காலிகம். வருஷா வருஷம் ஜூன் மாதம் வந்தால் வைத்துக்கொள்வார்களா அனுப்பிவிடுவார்களா என்று தெரியாது. அதை முடிவு செய்கிறவர் கரஸ்பாண்டென்ட். பெரிய பட்டுக்கடைக்காரர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அவருடைய கடைசி மகள் நம் வகுப்பில்தான் இருந்தாள், முதல் பெஞ்சில்.

அந்த வருஷம் கரஸ்பாண்டென்ட் மதராசுக்குப் போய், ஏதோ ஒரு பெரிய மண்டபத்தில் சுவர் முழுக்கப் பெரிய மனிதர்களின் படங்களைப் பார்த்துவிட்டு வந்தார். வந்த கையோடு பெரிய டீச்சரிடம் ஒரு காகிதத்தை நீட்டினார். ஆண்டு விழாவுக்குள் நம் ஹாலிலும் அதே மாதிரி ஐந்து படம் தொங்க வேண்டும். நம் காஞ்சிபுரத்தை ஆண்ட பல்லவ ராஜா ஒருவர். கைலாசநாதர் கோயில் வாசலில் சின்னக் கோயில் கட்டிய ராணி. வடக்கே படையெடுத்துப் போன தளபதி. சீனாவிலிருந்து இந்த ஊருக்கு நடந்தே வந்த யாத்ரீகர். ஐந்தாவது, கடிகையின் தலைவர். அந்தக் காலத்தில் நம் ஊரில் இருந்த பெரிய கல்விச்சாலைக்குத்தான் கடிகை என்று பெயர்.

பெரிய டீச்சர் அத்தையைக் கூப்பிட்டுக் கேட்டார்: “இவங்க முகமெல்லாம் யாருக்கும்மா தெரியும்? எதைப் பார்த்து வரைவே?”

“யாருக்கும் தெரியாதுங்க டீச்சர். அந்த தைரியத்துலதான் வரையப் போறேன்.”

வீட்டுக்கு வந்ததும் என்னிடம் வேறு மாதிரி சொன்னாள். “அவங்க பொறந்து வளர்ந்த ஊரு இது. அவங்க மூக்கு, காது, தாடை எல்லாம் இந்த ஊர்லயேதான் சுத்திக்கினு இருக்கும். தேடிப் புடிக்கிறதுதான் நம்ம வேலை.”

நம்ம வேலை என்றாள். என் வேலை என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து நான் தரையில் கால் வைத்து நடக்கவில்லை.

முதலில் பழைய காலத்து நகைகளைப் பார்க்க, ஊருக்கு வெளியே இருக்கும் திருப்பருத்திக்குன்றம் போனோம். அங்கே சமணர் கோயில் மண்டபத்து மேற்கூரை முழுக்கப் பழைய ஓவியம். அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்ததும் அத்தை கல்தரையில் மல்லாந்து படுத்துவிட்டாள். நானும் படுத்தேன். முதுகில் கல்லின் குளிர்ச்சி, மூக்கில் வௌவால் நாற்றம், கண்ணுக்கு மேலே சிவப்பும் மஞ்சளுமாய் வரிசை வரிசையாக ஆட்கள். “அந்தக் கோடியில நிக்கிறாளே, அவ கையில எத்தினி வளையல், எண்ணிச் சொல்லு” என்பாள். நான் எண்ணிச் சொல்வேன். அவள் வயிற்றின் மேல் நோட்டை வைத்துக்கொண்டு படுத்தபடியே வரைவாள்.

எங்களை அழைத்துப் போனது ஜட்கா பாய். பள்ளிக்கூட வாசலில் வண்டி போட்டிருப்பாரே, அவர். திரும்பி வரும் வழியில் குதிரையின் குளம்பில் கல் மாட்டிக்கொண்டது. இறங்கி, காலைத் தூக்கிக் கல்லைத் தட்டிவிட்டு, குதிரையின் கழுத்தில் ஒரு கையைப் போட்டுக்கொண்டு வயற்பக்கம் பார்த்தபடி நின்றார். மாலை வெயில் மீசையில் பட்டது.

“பாய், அப்பிடியே நில்லுங்க! அசையாதீங்க!” என்று கத்தினாள் அத்தை.

“இன்னாமா, பாம்பா?” என்றார் பாய், அசையாமல்.

“பாம்பு இல்ல. நீங்கதான் ராஜா.”

பாய் மெல்லத் திரும்பி எங்கள் இருவரையும் பார்த்தார். விஷயத்தை விளக்கிச் சொன்னதும் மீசையைத் தடவிக்கொண்டார். “என்ன போடு, போடாம போ. குதிரைய வுட்டுறாதே. ஆயிசு முழுக்க அதுதானே என்ன இழுத்துக்கினு திரியுது.” அப்படித்தான் ராஜா படத்தில் குதிரை வந்தது. நெற்றியில் வெள்ளைத் திட்டு, இடது காது நுனியில் ஒரு கிழிசல், ஒன்றும் விடாமல் அத்தை வரைந்தாள்.

தளபதி என் அப்பா. கரப்பான்பூச்சி பறந்தால் அம்மாவின் பின்னால் போய் நிற்கிற மனிதர். அவருக்கு உட்கார நேரமில்லை. “பாவு நூலு காயுது, என்ன வுடு தாயே” என்று தறிக்குழியிலேயே இருந்தார். அத்தை விடவில்லை. தறிக்கு எதிரே மணை போட்டு உட்கார்ந்து, அவர் நெய்ய நெய்யவே வரைந்தாள். அதனால் தளபதியின் கண் கீழே பார்க்கிறது. பிற்பாடு விழாவுக்கு வந்தவர்கள், தோற்று விழுந்த எதிரியைத் தளபதி எவ்வளவு கருணையாகப் பார்க்கிறார் என்று மெச்சினார்கள். அவர் பார்த்தது அறுந்த இழையை.

சீன யாத்ரீகருக்குப் பட்டுக்கடைத் தெருவின் கூர்க்கா. ராத்திரி முழுக்க விசில் ஊதிக் காவல் காத்துவிட்டுப் பகலில் தூங்குகிறவரை மதியம் பன்னிரண்டு மணிக்குக் கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைத்தோம். நேபாளமும் சீனாவும் ஒன்றா என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. “மே சீனா நஹி”, நான் சீனாக்காரன் இல்லை என்று அவர் இரண்டு தரம் சொன்னார். அத்தை ஒரு டம்ளர் காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டு உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். யாத்ரீகர் கண்ணை மூடித் தியானத்தில் இருப்பதாக அந்தப் படம் அமைந்துவிட்டது. ஐந்து படத்திலும் அதில்தான் பக்தி அதிகம் என்று எல்லாரும் சொன்னார்கள்.

ராணிக்குத்தான் முகம் கிடைக்கவில்லை. அத்தை கோயில் வாசலில் பார்த்தாள், கல்யாண வீடுகளில் பார்த்தாள். “எல்லாரும் அழகாத்தான் இருக்காங்க. ஆனா ஒருத்தியும் கோயில் கட்டுறவ மாதிரி இல்ல” என்றாள். ஒருநாள் மாலை கடைசி மணி அடிக்கும் நேரம் அவள் வராந்தாவில் நின்றிருந்தாள். வேப்ப மரத்தில் மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டுக்குக் கீழே, மணி அடிக்கும் பெல்லம்மா முதுகை நிமிர்த்தி, வலது கையில் இரும்புக் கம்பியை உயரத் தூக்கிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். இன்னும் ஒரு நிமிஷம் இருந்தது. அந்த ஒரு நிமிஷமும் பள்ளிக்கூடம் முழுக்க அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

அத்தை என் கையைக் கிள்ளினாள். “கெடைச்சிட்டாங்க.”

பெல்லம்மாவைப் பற்றி நாம் எல்லாரும் ஒரு விஷயம் ஒத்துக்கொள்ள வேண்டும். ஊருக்கு வெளியே, வயலைத் தாண்டி இருந்த சேரியிலிருந்து விடியற்காலையில் நடந்து வருவார். மணி அடிப்பார், பெருக்குவார், நாம் வாந்தி எடுத்தால் மண் போட்டு அள்ளுவார். நம் அம்மாக்களைவிட மூத்தவர். நாம் அவரை ‘வா, போ’ என்றுதான் கூப்பிட்டோம். பத்து வயதுப் பெண்கள், ஒருத்தி பாக்கியில்லாமல். பெருக்குகிற நேரம் தவிர அவர் ஹாலுக்குள் வந்து நான் பார்த்ததில்லை. அதை ஒரு விஷயமாக நினைத்ததும் இல்லை.

தையல் அறையில் மூன்று நாள் மாலை நேரங்களில் நின்றார். அத்தை “கைய கொஞ்சம் தூக்குங்க, முகத்த இந்தப் பக்கம் திருப்புங்க” என்றால் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். “எனுக்கு இன்னாத்துக்குமா வாங்க போங்கன்னு?” என்பார். பிறகு கேட்டார்: “அந்த ராணி அப்பிடி இன்னா பண்ணுச்சு?”

“கோயில் கட்டினாங்க.”

“கல்ல அதுவா தூக்கிச்சு?”

“அதெப்படித் தூக்கும்? ஆளுங்க தூக்கியிருப்பாங்க.”

“அப்ப எங்க ஆளுங்களாத்தான் இருக்கும்” என்றார் பெல்லம்மா. “சரி, நல்லா வரை. பொடவ கிழிசல் தெரியாம பாத்துக்க.”

கிழிசல் எங்கே தெரிந்தது! அரக்கு நிறத்தில் பச்சைக் கரை வைத்து, அப்பாவின் தறியில் மிஞ்சிய ஜரிகைத் துணுக்குகளை வஜ்ஜிரப் பசை தடவி ஒட்டி, ராணிக்கு உண்மையான ஜரிகையிலேயே சேலை கட்டிவிட்டாள் அத்தை. வஜ்ஜிரம் காய்ச்சிய நாற்றத்தில் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. படம் காய்ந்ததும், சன்னலைத் திறந்தால் ராணியின் மார்பிலும் இடுப்பிலும் வெயில் மினுங்கி மினுங்கி ஓடும். தூக்கிய கையில் இரும்புக் கம்பிக்குப் பதில் ஒரு தீபம். நிறத்தை மட்டும் அத்தை மாற்றவில்லை. பெல்லம்மாவின் நிறம் அப்படியே.

நாலு படம் மாட்டியாயிற்று. ராஜாவும் ராணியும் நடுவில் பக்கத்துப் பக்கத்தில். ஐந்தாவது சட்டத்தில் கடிகைத் தலைவரின் உடம்பும் ஓலைச்சுவடியும் இருந்தன, முகம் வெறும் வெள்ளை. அதற்கு ஆள் அகப்படவில்லை. மகுடமும் நகையும் வந்தபிறகு யார் முகம் எது என்று யாருக்கும் பிடிபடவில்லை. வெளியே சொல்லக் கூடாது என்று அத்தை என்னிடம் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

படங்களைப் பார்க்கக் கரஸ்பாண்டென்ட் வந்தார். வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ராஜாவின் முன்னால் நின்றுவிட்டார். அவருக்கும் மீசை பெரிது. கொஞ்ச நேரம் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார். “இன்னாத்துக்குமா இதெல்லாம்... நான் கேட்டேனா உன்ன?” என்றார். முகம் முழுக்கச் சந்தோஷம். மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

அத்தையும் பெரிய டீச்சரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “இப்ப நான் இன்னா சொல்றது டீச்சர்?” என்று அத்தை கேட்டாள்.

“ஒண்ணும் சொல்லாதே. ஜூன் மாசம் வரைக்கும் அவர் ராஜாவா இருந்துட்டுப் போகட்டும்.”

அப்படியே விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. மறுநாள் முதல் பெஞ்சுக்காரி எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னாள்: “படத்துல இருக்கிற ராஜா யாரு தெரியுமா? எங்க நைனா!” நாள் முழுக்கச் சொன்னாள். இடைவேளையில் சொன்னாள், கணக்கு வகுப்பில் சொன்னாள். எனக்கு நாக்கு துறுதுறுத்தது. சத்தியம் தொண்டையில் நின்றது. ராஜாவைப் பற்றித்தான் அத்தை முக்கியமாகச் சொல்லக் கூடாது என்றாள், ராணியைப் பற்றிச் சொன்னால் பாதிச் சத்தியம்தானே போகும் என்று எனக்குள் ஒரு கணக்குப் போட்டேன்.

“உங்க நைனா பக்கத்துல நிக்கிற ராணி யாரு தெரியுமா?” என்றேன். “நம்ம பெல்லம்மா.”

அன்று சாயங்காலமே அது கரஸ்பாண்டென்ட் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் அதற்குள் கடையில், உறவில், சம்பந்தி வீட்டில் எல்லாம் தான்தான் ராஜா என்று சொல்லியாயிற்று. இப்போது அவருக்கு ஜோடியாக, ஊர் பார்க்க, சேரியிலிருந்து வரும் பெல்லம்மா. வீட்டம்மா அன்று சமைக்கவில்லையாம். மறுநாள் காலை அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது மீசை துடித்தது. விழா ஞாயிற்றுக்கிழமை, அதற்குள் ராணியின் முகத்தை மாற்றியாக வேண்டும், இல்லையென்றால் டிராயிங் டீச்சரை மாற்றவேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். பெரிய டீச்சர் “பார்க்கிறேங்க” என்றார். அவர் பயந்துவிட்டார் என்று நினைத்து நான் உள்ளுக்குள் திட்டினேன். அவர் பார்க்கிறேன் என்றாரே தவிர, மாற்றச் சொல்கிறேன் என்று சொல்லவில்லை. அது எனக்கு ரொம்ப வருஷம் கழித்துத்தான் உறைத்தது.

வீட்டில் அத்தையிடம் போய் நின்றேன். “நான்தான் சொன்னேன்.”

அத்தை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தூரிகையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தாள். “ராஜாவப் பத்தியும் சொன்னியா?”

“இல்ல.”

“ம்” என்றாள். அதோடு சரி. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்பா தறியை நிறுத்திவிட்டு வந்து, “ஒரு மூக்க கொஞ்சம் நீட்டி வுட்டா முடிஞ்சிது. வேலை போனா இன்னொரு வேலை கெடைக்குமா?” என்று கெஞ்சினார். “முடியாதுண்ணா. அவங்க மூணு நாள் நின்னாங்க, கை வலிக்க வலிக்க” என்றாள். நான் சுவரோரம் படுத்து அழுதேன்.

சனிக்கிழமை மதியம். நாம் எல்லாரும் ஹாலில் காகிதத் தோரணம் ஒட்டிக்கொண்டிருந்தோம். வாசலில் ஜட்கா வந்து நின்றது. கரஸ்பாண்டென்ட்டும் வீட்டம்மாவும் இறங்கினார்கள். வீட்டம்மா மயில்கழுத்துப் பட்டில், மூக்கு இரண்டு பக்கமும் வைரம் மின்ன, நேராக ராணியின் முன்னால் போய் நின்றார். வராந்தாவில் பெருக்கிக்கொண்டிருந்த பெல்லம்மா கையில் விளக்குமாற்றோடு அப்படியே நின்றுவிட்டார்.

“இன்னும் மாத்தலியா?” என்றார் கரஸ்பாண்டென்ட்.

“மாத்தலிங்க ஐயா. என் கையால மாத்த மாட்டேன்” என்றாள் அத்தை. “நீங்க வேற யாரையாவது வச்சு மாத்திக்குங்க. நான் திங்கக்கிழமையிலிருந்து வரல.”

என் கையில் பசை ஒட்டிய தோரணம். அத்தை போகப் போகிறாள், என் வாயால் போகப் போகிறாள் என்று தெரிந்ததும் எனக்குப் பயம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

“ராஜா நீங்க இல்ல!” என்று கத்தினேன். “அது ஜட்கா பாய்!”

பெரிய டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். கரஸ்பாண்டென்ட் என்னைப் பார்த்தார். “யாரு?”

“ஜட்கா பாய்தான். வேணும்னா குதிரையப் பாருங்க. நெத்தில வெள்ளை இருக்குது. காது கிழிஞ்சிருக்குது.”

தினமும் அந்த ஜட்காவில்தான் கடைக்குப் போய் வருகிறார் மனிதர். எத்தனை வருஷமாகவோ அந்தக் குதிரைக்குப் பின்னாலேயே உட்கார்ந்து போயிருக்கிறார். அதன் முகத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை. விடுவிடுவென்று வாசலுக்குப் போனார். நாம் எல்லாரும் பின்னால் ஓடினோம். குதிரை கொள்ளுப் பையிலிருந்து தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. நெற்றியில் வெள்ளைத் திட்டு. இடது காதில் கிழிசல். பக்கத்தில் பாய், பீடியைப் பின்னால் மறைத்துக்கொண்டு, “இன்னா ஐயா, கெளம்பலாமா?” என்றார்.

உள்ளே அழைத்துவந்து படத்துக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். அதே தாடை, அதே மீசை, அதே நிற்கிற விதம். வீட்டம்மா பாயைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், கடைசியாகப் புருஷனைப் பார்த்தார். முதலில் அவர் தோள்தான் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டும் அடக்க முடியவில்லை.

“ஏமண்டி, இதுல நீங்க எங்க இருக்கீங்க?” என்று சிரித்தார். “உங்க மூக்கு இன்னா, இந்த மூக்கு இன்னா! சம்பந்தி வீடு வரைக்கும் சொல்லிட்டு வந்தீங்களே!” சிரித்துச் சிரித்து, தோரணக் குப்பையெல்லாம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவர் சிரிக்கவும் மகள் சிரித்தாள், நாம் சிரித்தோம், பாய்க்கு ஒன்றும் புரியாமல் அவரும் சிரித்தார். பெரிய டீச்சர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அவருக்கு ஒரு பல் தங்கம்.

“நான் எப்ப சொன்னேன், நான்தான்னு?” என்றார் கரஸ்பாண்டென்ட். அதற்கு இன்னொரு சிரிப்பு எழுந்தது.

வீட்டம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து மறுபடியும் ராணியைப் பார்த்தார். இந்தத் தடவை ரொம்ப நேரம். “இருக்கட்டும். நல்லாத்தான் இருக்கா. ஜரிகை அசல்தானே?” என்றார். அவர் மனசு அன்றைக்கே மாறிவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஜோடிதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. ஜோடி கலைந்ததும் கஷ்டம் தீர்ந்துபோனது. ஆனால் ராணி சுவரில் இருந்தாள். முகம் மாறாமல் இருந்தாள்.

கிளம்பும்போது கரஸ்பாண்டென்ட் மட்டும் ஐந்தாவது சட்டத்தின் முன்னால் தயங்கினார். “இது யாரு?”

“கடிகைக்குத் தலைவருங்க. அந்தக் காலத்துப் பெரிய பள்ளிக்கூடம்” என்றாள் அத்தை. “முகம் கெடைக்கல.” அவர் மீசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அந்தக் காலத்துக் கரஸ்பாண்டென்ட் மாதிரிங்க.”

அவர் மேல்துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலியை இழுத்தார். “எப்பிடி உக்காரணும்?”

இரண்டு மணி நேரம், விசிறி இல்லாத அந்த ஹாலில், ஒரு ஈயைக் கூட ஓட்டாமல் உட்கார்ந்திருந்தார். வரைந்த ஐந்து பேரில் அவர்தான் அசையாமல் இருந்தார் என்று அத்தை எப்போதும் சொல்வாள். அவர் மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டுத் தறிவேலைக்குப் போனவர் என்பதையும், பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று சொந்தத் தெருவிலேயே சண்டை போட்டுக் கட்டியவர் என்பதையும் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் அவள் தெரிந்துகொண்டாள். நான் அவரை வெறும் மீசைக்காரர் என்று நினைத்திருந்தேன்.

விழா நடந்தது. பெரிய டீச்சர் தானே வராந்தாவுக்குப் போய்ப் பெல்லம்மாவின் கையிலிருந்த விளக்குமாற்றை வாங்கி மூலையில் சாத்திவிட்டு உள்ளே அழைத்து வந்தார். பெல்லம்மா வீட்டுக்காரர், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் சேரியிலிருந்து நடந்து வந்து, கூட்டத்தோடு கூட்டமாக ராணியை அண்ணாந்து பார்த்தார்கள். “ஆயா, இது நீயா?” என்று ஒரு சின்னப் பேத்தி கேட்டுக்கொண்டே இருந்தது. கூர்க்கா தன் ஊர்க்காரர்கள் மூன்று பேரைக் கூட்டிவந்து யாத்ரீகரைக் காட்டினார். அவர்களும் சிரித்தார்கள். ஜூன் மாதம் அத்தைக்கு வேலை நிரந்தரமானது.

விழா முடிந்த மறுநாள் பெல்லம்மா தையல் அறைக்கு வந்து அத்தையிடம் கேட்டார்: “அந்த ராணி கட்டின கோயிலு, அது எங்கமா இருக்குது?”

“கைலாசநாதர் கோயில்ல, வாசல்லயே. நீங்க பாத்ததில்லையா?”

“இந்த ஊர்லயேதான் பொறந்தேன். அந்தப் பக்கம் போனதில்ல. யாரும் கூட்டிக்கினும் போனதில்ல.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜட்கா பாய் வண்டியைப் பூட்டினார். “ராணி வருது, ராஜா ஓட்டுறேன்” என்று காசு வாங்க மறுத்துவிட்டார். அத்தை, பெல்லம்மா, நான். தெருமுனையில் முதல் பெஞ்சுக்காரி நின்றுகொண்டிருந்தாள். நானும் அவளும் ஒரு வாரத்துக்கு மேலாகப் பேசவில்லை. “நானும் வரட்டா?” என்றாள். நகர்ந்து இடம் விட்டேன். வழியில் இன்னும் மூன்று பேர் ஏறினீர்கள். யார் யார் என்று உங்களுக்கே தெரியும்.

அந்தக் காலத்தில் கைலாசநாதர் கோயிலில் கூட்டமே இருக்காது. புல்தரை, மஞ்சள் மணற்கல், கிளிச் சத்தம். வாசலில் வரிசையாகச் சின்னச் சின்னக் கோயில்கள், ஒவ்வொன்றும் நம் உயரத்துக்கு இரண்டு மடங்கு இருக்கும். அதில் ஒன்றைக் காட்டி, ராணியைப் பற்றி இந்தக் கல்லிலேயே எழுதியிருக்கிறது என்றாள் அத்தை. பெல்லம்மா கிட்டே போனார். எழுத்தை விரலால் தொட்டார். பக்கத்திலிருந்த கல்சிங்கத்தின் தலையைத் தொட்டார். ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நாங்கள் எல்லாரும் வெயிலில் நின்றோம். கோயிலில் அவர் என்ன செய்யப் போகிறார், கும்பிடுவாரா, அழுவாரா என்று பார்த்துக்கொண்டு.

அவர் கும்பிடவில்லை. அந்தச் சின்னக் கோயிலின் படியில், கால் இரண்டையும் நீட்டி, சுவரில் முதுகைச் சாய்த்து வசதியாக உட்கார்ந்தார். இடுப்பிலிருந்த முடிச்சை அவிழ்த்தார். வேகவைத்த வேர்க்கடலை, இன்னும் சூடு ஆறவில்லை. துணியைப் படியில் விரித்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

“இன்னாங்கடி, எங்க வூட்டுக்கு வந்துட்டு நின்னுக்கினே இருந்தா எப்பிடி? வாங்க, உக்காருங்க.”

முதலில் போய் உட்கார்ந்து கடலையை எடுத்தவள் முதல் பெஞ்சுக்காரி. பிறகு நாங்கள் எல்லாரும் உட்கார்ந்தோம்.